இரண்டு மலை, நடுவில் சூரியன்!

பிள்ளைகள் இஷ்டத்துக்குப் படம் போடலாமா? வாத்தியாருக்கு அப்போது என்ன வேலை?

காக்களூரில் மலை கிடையாது.

திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்கே பெரிய ஏரி உண்டு. சிட்கோ தொழிற்பேட்டை உண்டு. ஆவின் பால் பண்ணை உண்டு. தகரக் கூரை போட்ட பட்டறைகள் உண்டு. லாரிகள் போவதும் வருவதுமாக இருக்கும். ஷிப்டு முடிந்தால் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் புறப்படும்.

இந்த ஊர்ச் சிறுவன் ஒருவனைக் கூப்பிடுங்கள். "தம்பி, ஒரு படம் போடு, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அவன் என்ன போடுவான்?

இரண்டு மலை போடுவான். நடுவில் பாதிச் சூரியன். சூரியனைச் சுற்றிக் குச்சி குச்சியாகக் கதிர்கள். மலை இடுக்கிலிருந்து ஓர் ஆறு இறங்கி வரும். கரையில் ஒரு வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரம். வானத்தில் நாலைந்து பறவைகள். முடிந்தது படம்!

ஏரி எங்கே? லாரி எங்கே? பட்டறை எங்கே? ஒன்றும் இல்லை.

காக்களூர்ப் பிள்ளை மட்டும் இப்படி அல்ல. தினமும் கடலைப் பார்க்கும் ராயபுரத்துப் பிள்ளையும் பெரும்பாலும் இதே மலையைத்தான் போடும். தஞ்சாவூர் வயல்வெளியில் வளரும் பிள்ளையும் இதையேதான் போடும். நீங்களும் சின்ன வயதில் போட்டிருப்பீர்கள். இல்லை என்று சொல்லுங்கள், பார்ப்போம்!

காரணம் என்ன? பிள்ளை தான் பார்த்த இடத்தைப் போடவில்லை. தான் பார்த்த படத்தைப் பார்த்துப் போடுகிறான். அண்ணன் போட்டான், அதைப் பார்த்துத் தம்பி போட்டான். வாத்தியார் பலகையில் போட்டார், வகுப்பே போட்டது.

கரும்பலகையில் ஒரு மாம்பழம்

பழைய சித்திர வகுப்பு எப்படி நடக்கும்? டிராயிங் மாஸ்டர் வருவார். கரும்பலகையில் ஒரு மாம்பழம் போடுவார். நாற்பது பிள்ளைகளும் நாற்பது மாம்பழம் போடுவார்கள். பலகை மாம்பழம் போலவே இருந்தால் 'நன்று'. கொஞ்சம் கோணினால் ரப்பர். மாம்பழத்தில் ஓர் அணில் கடித்த அடையாளம் போட்டு வைத்தால், "யாரடா இதைப் போடச் சொன்னது?" என்று ஒரு கேள்வி.

இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1850-ம் ஆண்டில் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஒரு சித்திரப் பள்ளியைத் தொடங்கினார். எழும்பூரில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்று இருப்பது அதுதான். கைத்தொழிலுக்கு நல்ல ஆட்களைத் தயார் செய்வது அந்தக் காலத்து நோக்கம். பாத்திரம், நெசவு, மரவேலை எதுவானாலும் அளவு தவறாமல் கோடு போடத் தெரிய வேண்டும். ஆகவே, ஒரு மாதிரியை முன்னால் வைத்து அப்படியே வரையும் பயிற்சி முக்கியமாயிற்று. சித்திர ஆசிரியராக வர விரும்புகிறவர்கள் எழுதும் அரசுத் தொழில்நுட்பத் தேர்விலும் 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்' என்று பாடங்கள் உண்டு. லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. இப்படிக் கற்றவர், கற்ற வழியிலேயே கற்றுக் கொடுத்தார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

அந்தப் பயிற்சி கெட்டதும் அல்ல. கை அடங்கும்; கண் அளவு பழகும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒன்றையே கொடுத்தால் என்ன ஆகும்? தன் கண்ணை நம்பக் கூடாது, பலகையைத்தான் நம்ப வேண்டும் என்று அது கற்றுக்கொள்கிறது.

தச்சர் வீட்டுப் பிள்ளைகள்

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரம். பிரான்ஸ் சிசெக் என்ற இளைஞர் அங்கே ஓவியம் படித்து வந்தார். அவர் குடியிருந்தது ஒரு தச்சர் வீட்டில். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவர் அறைக்கு வந்து எட்டிப் பார்க்கும். அவர் தாளையும் வர்ணத்தையும் கொடுத்தார். என்ன போட வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் போட்டவற்றைப் பார்த்து அவரே அசந்து போனார்!

அவர் ஜன்னலுக்கு எதிரே ஒரு நீண்ட மரவேலி இருந்தது. தெருப் பிள்ளைகள் அதில் ஓயாமல் கிறுக்கினார்கள். இடம் பிடிப்பதில் சண்டைகூட வருமாம். யாரும் கற்றுக் கொடுக்காமலே பிள்ளைகளுக்குப் போட ஆசை இருக்கிறது என்பதை அவர் அந்த வேலியில் கண்டார். 1897-ம் ஆண்டில் பிள்ளைகளுக்காகவே ஒரு சித்திர வகுப்பைத் தொடங்கினார். உலகம் முழுவதும் சித்திர ஆசிரியர்கள் அந்த வகுப்பைப் பற்றிப் பேசினார்கள்.

பிற்காலத்தில் சிலர் குறையும் சொன்னார்கள். சிசெக் வகுப்புப் படங்கள் எல்லாம் ஒன்றுபோல் அழகாக இருக்கின்றனவே, இது எப்படிப் பிள்ளைகளின் சொந்த இஷ்டம் ஆகும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வாத்தியார் வாய் திறக்காவிட்டாலும், அவருக்கு எது பிடிக்கும் என்பதைப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா?

கண் தெரியாத மாணவர்

நம் நாட்டுக்கு வருவோம்.

1901-ம் ஆண்டில் வங்காளத்தில் சாந்திநிகேதனில் கவி ரவீந்திரநாத் தாகூர் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். மரத்தடியில் வகுப்பு. 1919-ல் அங்கே கலாபவனம் என்ற கலைப் பள்ளியும் வந்தது. அதன் தலைமையை ஏற்றவர் ஓவியர் நந்தலால் போஸ்.

அங்கே ஆரம்பத்திலேயே சேர்ந்த மாணவர்களில் ஒருவர் வினோத் விகாரி முகர்ஜி. அவருக்குப் பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. ஒரு கண்ணில் பார்வையே இல்லை. மறு கண்ணிலும் கிட்டப் பார்வை. இப்படிப்பட்டவர் ஓவியம் படிக்க முடியுமா? நந்தலாலுக்கே தயக்கம் இருந்ததாம். தாகூரிடம் போய்க் கேட்டார். பையன் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறானா, வேலையில் ஆசையாக இருக்கிறானா என்று மட்டும் தாகூர் விசாரித்தாராம். ஆம் என்றதும், அப்படியானால் அவனை அவன் போக்கில் விடுங்கள் என்றாராம்.

விட்டார்கள். என்ன ஆயிற்று?

வினோத் விகாரி இந்தியாவின் பெரிய ஓவியர்களில் ஒருவர் ஆனார். சாந்திநிகேதனில் இந்தி பவனம் என்ற கட்டிடத்தின் சுவர்களில் 1946, 1947-ம் ஆண்டுகளில் கபீர், துளசிதாசர் முதலிய மகான்களின் வாழ்க்கையை நீளமாக வரைந்தார். 1950-களில் அறுவைச் சிகிச்சை பலிக்காமல் இருந்த பார்வையும் போயிற்று. அவர் ஓய்ந்து உட்காரவில்லை! காகிதத்தை வெட்டி ஒட்டினார். தடவிப் பார்த்தே பொம்மை செய்தார். 1972-ல், கண் அறவே தெரியாத நிலையில், ஓடுகளைக் கொண்டு கலாபவனச் சுவரில் ஒரு பெரிய சித்திரம் அமைத்தார். அவருடைய மாணவரான சினிமா டைரக்டர் சத்யஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தார்.

இன்னொரு மாணவர் ராம்கிங்கர் பைஜ். ஏழைக் குடும்பத்துப் பையன். 1925-ம் ஆண்டில் சாந்திநிகேதனுக்கு வந்தார். சிலை செய்ய ஆசை. வெண்கலத்துக்குப் பணம் எங்கே? சிமெண்டையும் அந்த ஊர்ச் செம்மண் சரளைக் கல்லையும் கலந்தார். 1938-ல் திறந்த வெளியில் ஒரு சந்தால் குடும்பத்தின் சிலையை எழுப்பினார். கூலி வேலை தேடி ஊர் பெயரும் தாய், தகப்பன், கூடையில் பிள்ளை, கூடவே நாய்! சிமெண்டில் செய் என்று எந்தப் பாடத்திட்டமும் அவருக்குச் சொல்லவில்லை. செய்யாதே என்று தடுக்கவும் ஆள் இல்லை.

சேவாகிராமத்தில் ஒரு தமிழர்

இவர்கள் எல்லாம் பிறவிக் கலைஞர்கள், நம் வீட்டுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அதற்கும் ஒரு பதில் இருக்கிறது.

காந்தியடிகளின் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விப் பள்ளி நடந்தது. அதை நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். அவர் முன்பு சாந்திநிகேதனில் இருந்தவர். அவரும் அவர் மனைவி ஆஷாதேவியும் சேர்ந்து அந்தப் பள்ளியைக் கட்டி வளர்த்தார்கள். கிராமத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. நூற்பு, தோட்ட வேலை, சமையல், துப்புரவு எல்லாம் பாடம்.

1944-ம் ஆண்டில் அங்கே ஓவிய ஆசிரியராக வந்தார் தேவி பிரசாத். நந்தலாலின் மாணவர். அப்போது அவருக்கு வயது 23. சுமார் 18 ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்தார். ஓவியமும் மண்பாண்டமும் அவருக்குக் கைவந்த கலைகள். பிள்ளைகள் போட்ட படங்களை அவர் சேர்த்து வைத்தார், கவனித்துப் படித்தார். 'கல்விக்கு அடிப்படை கலை' என்பதுதான் அவர் கண்ட முடிவு. அந்தப் பொருள்படும் தலைப்பில் அவருடைய ஆங்கிலப் புத்தகம் 1998-ல் வெளிவந்தது.

எல்லாப் பிள்ளைகளையும் ஓவியர் ஆக்குவது அவர் நோக்கம் அல்ல. மனத்தில் இருப்பதை வெளியே கொண்டுவரப் பிள்ளைக்கு வழி வேண்டும், வழி அடைபட்டால் அது கோபமாக மாறும் என்று அவர் நம்பினார். 1962-ல் போரை எதிர்க்கும் உலக அமைப்பு ஒன்றில் பணியாற்ற லண்டனுக்குப் போனார். சித்திர வகுப்பிலிருந்து சமாதான இயக்கத்துக்கு! அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலைதான்.

"சும்மா போடு" என்றால் போதுமா?

"அப்படியானால் சரி. நாளை முதல் பிள்ளைகள் இஷ்டம்போல் போடட்டும். வாத்தியார் நாற்காலியில் உட்காரட்டும்!" என்று யாராவது கிளம்பினால், அங்கேதான் ஆபத்து.

"உன் இஷ்டத்துக்குப் போடு" என்று வெறுமனே சொன்னால் பிள்ளை என்ன போடும் தெரியுமா? அதே இரண்டு மலை! நடுவில் அதே சூரியன்!

ஆம். வேறு எதுவும் கைக்குத் தெரியாதபோது, தெரிந்ததைத்தான் கை போடும். பசித்தவன் முன்னால் காலி இலையைப் போட்டு, "வேண்டியதைச் சாப்பிடு" என்று சொல்வது போன்றது அது. தேர்ந்தெடுக்கச் சொன்னால், தேர்ந்தெடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஓவிய ஆசிரியர்கள் சிலர் இதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார்கள். இப்போது அந்த நாட்டில் பல பள்ளிகளில் அது நடக்கிறது. வகுப்பறையை மூலை மூலையாகப் பிரிப்பார்கள். ஒரு மூலையில் பென்சில், கரி. ஒரு மூலையில் வர்ணம். ஒன்றில் களிமண். ஒன்றில் காகிதம், கத்தரிக்கோல், பசை. ஒன்றில் நூல், துணி.

வகுப்பு தொடங்கியதும் வாத்தியார் ஐந்து நிமிஷம் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டுவார். களிமண்ணில் இரண்டு துண்டுகளை எப்படி ஒட்டினால் விழாது? நீலமும் மஞ்சளும் கலந்தால் என்ன வரும்? அவ்வளவுதான். பிறகு பிள்ளைகள் எழுந்து போய் வேண்டிய மூலையில் உட்காருவார்கள். எதைச் செய்வது, எதில் செய்வது, யாரோடு செய்வது என்பது அவர்கள் முடிவு. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பது இல்லை. முடிந்ததும் சாமானை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இந்த விஷயத்தில் மட்டும் இஷ்டம் கிடையாது!

எல்லா மூலைகளையும் முதல் நாளே திறந்துவிடவும் மாட்டார்கள். முதலில் பென்சில் மூலை. அது பழகியதும் வர்ணம். அப்புறம் களிமண். இப்படி ஒவ்வொன்றாகத் திறப்பார்கள்.

வாத்தியாருக்கு வேலை குறைகிறதா? கூடுகிறது! கரும்பலகையில் ஒரு மாம்பழம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர், இப்போது நாற்பது பிள்ளைகளிடமும் போக வேண்டும். ஒருவன் மாட்டிக்கொண்டு விழிப்பான். "நீ வரும் வழியில் என்னென்ன பார்த்தாய்?" என்று கேட்க வேண்டும். ஒருத்தி குதிரையின் கால் வரவில்லை என்று அழுவாள். அப்போது அவர் குதிரைக் கால் போடக் கற்றுக் கொடுக்கலாம். அன்றைக்குத்தான் அந்தப் பாடம் அவள் மனத்தில் ஏறும். ஆனால் அவள் தாளில் அவர் பென்சில் படக் கூடாது. வேறு தாளில் போட்டுக் காட்ட வேண்டும். அவள் தாள் அவளுடையது.

பார்க்கப் போனால் இதுதான் மிகக் கஷ்டமான காரியம். கோணல் கோட்டைக் கண்டதும் பெரியவர்கள் கை துறுதுறு என்று இருக்கும்.

ஒரு வாளித் தண்ணீர்

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாசாரம், நம் ஊரில் நடக்குமா?

சாமான் விஷயத்தில் தாராளமாக நடக்கும். ஏரியோரத்துக் களிமண் காசு கேட்பதில்லை. அடுப்புக்கரி கறுப்பு, சுண்ணாம்பு வெள்ளை, செங்கல் தூள் சிவப்பு, மஞ்சள் சமையல்கட்டில் இருக்கிறது. நந்தலால் 1938-ல் ஹரிபுரா காங்கிரசுக்காகப் படங்கள் வரைந்தபோது மண்ணிலிருந்து எடுத்த வர்ணங்களைத்தான் பயன்படுத்தினார். தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமா? (இரும்புச் சீவல் மட்டும் வேண்டாம், கையைக் கிழித்துவிடும்.) வகுப்புக்கு ஒரு வாளித் தண்ணீரும் நாலு பழந்துணியும் வேண்டும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பிள்ளை இருபத்துநாலு வர்ணப் பெட்டி கொண்டுவரும். பக்கத்துப் பிள்ளையிடம் ஒடிந்த பென்சில் ஒன்றுதான் இருக்கும். சாமான் மூலையில் பொதுவாக இருந்தால் இந்த வித்தியாசம் மறைந்துபோகும். கையை விட்டால் இருவருக்கும் ஒரே களிமண்.

கஷ்டம் சாமானில் இல்லை. நேரத்தில் இருக்கிறது.

2012-ம் ஆண்டில் தமிழக அரசு பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம், உடற்பயிற்சி, தையல் முதலியவற்றுக்காக. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் சம்பளம் என்று ஆரம்பித்தது. பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. ஒருவர் எத்தனை பிள்ளைகளின் படத்தைப் பார்க்க முடியும்? அது மட்டுமா? பரீட்சை நெருங்கினால் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். பெற்றோரும் சந்தோஷப்படுவார்கள்!

2022-ல் அரசு பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. நல்ல காரியம். கிராமத்துப் பிள்ளைகள் மேடை ஏறினார்கள். ஆனால் போட்டி என்று வந்ததும் சில வீடுகளில் பரிசு வாங்கும் படத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பழைய மாம்பழம் புது வேஷத்தில் வருகிறது.

தமிழ்நாட்டுக்குப் பிள்ளை தன் போக்கில் படிப்பது புதிது அல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007-ல் மாநிலம் முழுவதும் பரவியது. அப்போது வகுப்புச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை அமைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம். வாத்தியாரின் பலகை பிள்ளையின் பலகை ஆயிற்று. எழுதியதுபோக, அதில் பிள்ளைகள் என்னென்ன கிறுக்கியிருப்பார்கள்!

அப்பா கையில் ஒரு டிராயிங்

"படம் போட்டால் சோறு வருமா?" என்று கேட்கும் தகப்பனார்கள் உண்டு.

காக்களூர்த் தொழிற்பேட்டையில் லேத்தில் நிற்கும் ஒரு தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் மிஷினை ஓட்டும் முன்னால் அவர் கையில் எதை எடுக்கிறார்? ஒரு தாளை. அதற்குப் பெயரே டிராயிங்! அதைப் பார்த்துத்தான் ஜாப் போடுகிறார். அந்தத் தாளில் உள்ள கோட்டை, இல்லாத ஒரு பொருளாக அவர் மனக்கண் பார்க்கிறது. ஆக, சோறு படத்திலிருந்துதான் வருகிறது. அவர் அதைச் சித்திரம் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு மகன். ஒன்பது வயது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை. பையன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படம் போடுகிறான். மலை போடவில்லை. ஏரிக்கரையில் நிற்கும் ஒரு லாரியைப் போடுகிறான். டயர் ஒன்று பிரமாண்டமாக இருக்கிறது. டிரைவர் உட்காரும் இடம் தீப்பெட்டி அளவு. டிரைவர் அதைவிடச் சின்னவர்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். "நல்லா இருக்குடா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போகலாம். இந்த அம்மா அப்படிப் போகவில்லை. பக்கத்தில் உட்காருகிறாள். "இதுல என்ன நடக்குது, சொல்லு" என்கிறாள். பையன் பத்து நிமிஷம் சொல்கிறான்.

அப்பா வருகிறார். பார்க்கிறார். அளவு பழகிய கண் அல்லவா? சும்மா இருக்க முடியவில்லை.

"ஏண்டா, டயர் இம்மாம் பெருசா இருக்குமா?"

"நான் பக்கத்துல குந்திப் பார்த்தேம்பா. அங்கேருந்து பார்த்தா இம்மாம் பெருசுதான்."

அப்பாவின் கை ரப்பரை நோக்கிப் போகிறது. பாதியில் நிற்கிறது. மறுநாள் காலை, பட்டறை வாசலில் ஒரு லாரி நிற்கிறது. உள்ளே போகப் போனவர் திரும்பி வருகிறார். டிபன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, டயருக்குப் பக்கத்தில் குந்திப் பார்க்கிறார்.